நோவறியாப் புண்

உயர்தர வகுப்பில் சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தை நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், கண்ணகி தன் இடமுலையைத் திருகி எறியும் கட்டத்தை விளக்கி முடித்தபோது, பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "அவவுக்கு நோகேல்லையோ, சேர்?" என்று கேட்டாள். வகுப்புச் சிரித்தது. நாமும் சிரித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. கற்பின் ஆற்றல் உடலின் உணர்ச்சியை வென்றுவிட்டது என்று, நமக்குப் பல்கலைக்கழகத்தில் சொல்லப்பட்டதையே திருப்பிச் சொல்லி அடுத்த அடிக்குப் போய்விட்டோம். வெயில் கொளுத்தும் மாதத்திலும் அவள் முழுக்கை மேலங்கி அணிந்து வருவதன் காரணத்தைச் சில வாரங்களுக்குப் பின்னரே அறிந்தோம். அவளைப் பற்றி இதற்கு மேல் இங்கு எழுதுவது முறையன்று. அவள் கேட்ட கேள்வியைப் பற்றி எழுதலாம். அது இலக்கியக் கேள்வி. அதற்கு நம் விமர்சன மரபு இதுவரை உரிய விடை சொல்லவில்லை.

முதலில் இளங்கோவடிகள் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்ப்போம். முலையைக் கையால் திருகுகிறாள்; மதுரை நகரை மும்முறை வலம் வருகிறாள்; தெருவில் சுழற்றி எறிகிறாள். குருதி பற்றி ஒரு சொல் இல்லை. நோவு பற்றியும் ஒரு சொல் இல்லை. கோவலன் வெட்டுண்டு கிடக்கும் இடத்தில் அவன் உடலின் குருதியைக் காட்டத் தயங்காத புலவர், இங்கே வாய் திறக்கவில்லை. உடலையும் உள்ளத்தையும் தொடும்படியாக அவர் இட்டிருக்கும் சொல் 'அலமந்து' என்பது ஒன்றே. தொல்காப்பியர் உரியியலில் அலமரல், தெருமரல் ஆகிய இரண்டுக்கும் சுழற்சி என்று பொருள் கூறுகிறார். ஆக, புலவர் கண்ணுக்குத் தெரிந்தது நோவு அன்று, சுழற்சி. நிலை கொள்ளாமல் உள்ளம் சுழல்கிறது. அந்தச் சுழற்சியின் நடுவே உடலின் ஓர் உறுப்பு பிய்ந்து போகிறது. பிய்ந்தது நொந்ததாக எவரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. கற்பின் ஆற்றல் என்னும் விளக்கம் உரைகாரர்களும் மேடைப் பேச்சாளர்களும் சேர்த்தது. மூலத்தில் உள்ளது ஒரு நுண்ணிய அவதானிப்பு. அதை நாம் வணங்கினோமே தவிர வாசிக்கவில்லை.

இளங்கோவுக்கு முன்னரே இந்தச் செய்தி நம் பாட்டில் உண்டு. நற்றிணை 216ஆம் பாடலில் மதுரை மருதன் இளநாகனார் திருமாவுண்ணி என்னும் ஒருத்தியைக் குறிப்பிடுகிறார்: அயலான் ஒருவனால் உண்டான கவலை வருத்தத் தன் ஒரு முலையை அறுத்தவள். இங்கே அரசன் இல்லை, நீதி கேட்டல் இல்லை, எரியும் நகரம் இல்லை. கவலை இருக்கிறது, அறுத்தல் இருக்கிறது. இடையில் வேறொன்றும் இல்லை. பிற்காலத்துக் காவியம் இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு பேரரசின் வீழ்ச்சியை வைத்துப் பெருமைப்படுத்தியது. அந்தப் பெருமையில் முதற்பெண்ணின் கவலை மறைந்துபோயிற்று என்று நாம் நினைப்பதுண்டு.

பக்தி இலக்கியத்துக்கு வந்தால் நிலைமை இன்னும் தெளிவு. சேக்கிழாரின் கண்ணப்பர் அம்பினால் தம் கண்ணை அகழ்ந்து அப்பியவுடன் குருதி நின்றது கண்டு ஆனந்தத்தால் துள்ளுகிறார். மதுரையில் மூர்த்தி நாயனார் சந்தனக் கட்டை கிடைக்காதபோது தம் முழங்கையையே கல்லில் தேய்க்கிறார். எலும்பு வெளிப்படும் வரை தேய்க்கிறார். கலிங்கத்துப்பரணியின் காளி கோயிலில் வீரர் தம் தலையைத் தாமே அரிந்து கொடுக்கின்றனர். எங்கும் புண் உண்டு, நோவு இல்லை. தெய்வத்துக்காகவும் அரசனுக்காகவும் பட்ட புண் நோகாது என்பது நிலவுடைமைச் சமுதாயத்துக்கு வசதியான கொள்கை என்று முற்போக்கு விமர்சகர் ஒருவர் எளிதில் சொல்லிவிடலாம். சொன்னால் பிழையில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால் பின்வரிசை மாணவிக்கு இரண்டாம் முறையும் விடை சொல்லாமல் போனவர்கள் ஆவோம்.

சங்க அகப்பாடல்களில் வேறொரு வழக்கம் இருக்கிறது. தான் விரும்பிய பெண்ணை அடைய இயலாத தலைவன் பனைமடலால் குதிரை செய்து அதன்மேல் ஏறி ஊர்த்தெருவில் வருவேன் என்கிறான். பனங்கருக்கின் கூர்மை வன்னியில் பிறந்த எவருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வேலி கட்டும்போது ஒரு தரம் உரசினால் போதும். எருக்கம்பூ மாலையும் எலும்பு மாலையும் சூடி, அந்தக் கருக்கின்மேல் உட்கார்ந்து வருகிறவன் தன் உடலை ஊருக்கு முன்னால் விண்ணப்பமாக வைக்கிறான். குறுந்தொகையிலும் கலித்தொகையிலும் திருக்குறளின் நாணுத்துறவுரைத்தலிலும் இதைக் காண்கிறோம். மடல் பாடிய மாதங்கீரனார் என்று ஒரு புலவருக்குப் பெயரே அதனால் அமைந்தது. பெண்டிர் மடலேறுதல் இல்லை என்று தொல்காப்பியம் விதித்தது. திருமங்கையாழ்வார் தம் இரு மடல்களிலும் பெண் குரலில் அந்த விதியை மீறினார். அதுவும் தெய்வத்தின் பொருட்டு என்பதால் பொறுத்துக்கொள்ளப்பட்டது. ஆணின் புண்ணுக்குத் தெரு இருந்தது. பெண்ணின் புண்ணுக்குத் தெரு இல்லை.

அவளுக்கு இருந்தது எது என்பதை ஒளவையார் குறுந்தொகை 28ஆம் பாடலில் சொல்கிறார். மோதிக்கொள்வதா, அலறுவதா, என்ன செய்வதென்று தெரியாமல் ஒருத்தி இரவில் நிற்கிறாள். வெளியே காற்றுச் சுழல்கிறது. ஊர் உறங்குகிறது. தன் நோயை அறியாமல் ஊர் உறங்குவதே அவளுக்குத் தாளமுடியாததாக இருக்கிறது. காற்றைச் சொல்ல ஒளவையார் கையாளும் சொல்லும் 'அலமரல்'தான். கண்ணகியின் உள்ளத்தில் இளங்கோ வைத்த அதே சுழற்சி. இந்த ஒற்றுமை தற்செயலாகவும் இருக்கலாம். சொல்லாட்சியை வைத்து மாளிகை கட்டும் பழக்கம் தமிழ் ஆசிரியர்களாகிய நமக்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் தமிழ் அறிந்த இரண்டு பெரும் புலவர்கள், தாங்க முடியாத அகநிலையில் உடலை மோதத் துணியும் பெண்ணை எழுதும்போது, அவள் நோவை எழுதாமல் சுழற்சியை எழுதினார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

இன்றைய உளமருத்துவம் இதைப் பற்றி என்ன அறிந்திருக்கிறது? தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கம் உடையவர்களில் ஒரு பகுதியினருக்கு, ஆங்கிலத்தில் 'பார்டர்லைன்' என்று பெயரிடப்பட்ட ஆளுமைக் கோளாறு இருப்பதாக மருத்துவர் கணிக்கின்றனர். உணர்ச்சி திடீரெனக் கொந்தளித்தல், கைவிடப்பட்டுவிடுவோம் என்னும் அச்சம், உள்ளே வெறுமை, தன் மீதே ஆழ்ந்த வெறுப்பு ஆகியவை அதன் சில அடையாளங்கள். 1938இல் அடொல்ப் ஸ்டேர்ன் என்பவர் நரம்புத்தளர்ச்சிக்கும் சித்தப்பிரமைக்கும் இடைப்பட்ட எல்லையில் நிற்பவர்கள் என்ற கருத்தில் இச்சொல்லைக் கையாண்டார். 1980இல்தான் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் நோய்ப்பட்டியலில் அது இடம்பெற்றது. தமிழில் இதனை 'எல்லைநிலை ஆளுமைக் கோளாறு' என்கிறார்கள். எல்லை என்றதும் ஓமந்தைச் சோதனைச்சாவடி நினைவுக்கு வரும் தலைமுறை எமது. பெயர் பொருத்தமில்லாதது, வேறு பெயர் வரும் வரை இதைத்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும். கையில் தழும்புள்ள ஒவ்வொருவரும் இக்கோளாறு உடையவரல்லர் என்பதையும், அதனைக் கணிப்பது மருத்துவரின் வேலை, ஆசிரியரின் வேலையன்று என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

ஜேர்மனியில் மார்ட்டின் போகஸ், கிறிஸ்டியான் ஷ்மால் முதலிய ஆய்வாளர் 2000ஆம் ஆண்டு முதலாக இவர்களின் நோவுணர்ச்சியை அளந்து பார்த்தனர். காயப்படுத்திக்கொள்ளும்போது நோவு தெரிவதில்லை என்று கூறிய பெண்களைச் சோதனையில் குளிருக்கும் அழுத்தத்துக்கும் உட்படுத்தியபோது, அவர்கள் அமைதியாக இருந்த வேளையிலேயே மற்றையோரைவிடக் குறைவான நோவையே உணர்ந்தனர். உள்ளம் கொந்தளித்த வேளையில் அது மேலும் குறைந்தது. தோலோ நரம்போ மரத்துப்போனதா என்றால், இல்லை. ஒளிக்கதிர் கொண்டு செய்த சோதனையில், எங்கே சுட்டது என்பதை அவர்கள் மற்றவரைப் போலவே சரியாகச் சொன்னார்கள். 2006இல் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தபோது, நோவை அளந்து நிதானிக்கும் பகுதி மிகுதியாக இயங்கியது; நோவுக்கு அஞ்சித் துடிக்கும் பகுதி அடங்கியிருந்தது. நோவின் செய்தி போய்ச் சேர்கிறது. அதன் துயரம் போய்ச் சேரவில்லை. உள்ளே எரியும் வேறொரு துயரத்தை அடக்கும் அதே தடுப்பு இதையும் தடுத்துவிடுகிறது போலும். பலருக்குக் காயத்தின் பின் கொந்தளிப்புச் சற்றுத் தணிகிறது. பின்னர் வெட்கமும் குற்றவுணர்ச்சியுமாகத் திரும்பி வருகிறது. அவர்களைச் சாவு தேடுகிறவர்கள் என்று சொல்வது பெரும்பாலும் பிழை. பிறர் கவனத்துக்காக நடிக்கிறார்கள் என்று சொல்வது அதைவிடப் பெரிய பிழை. ஆயினும் ஆபத்து இல்லையென்று இருந்துவிடவும் முடியாது. இவர்களில் தற்கொலையால் இறப்போர் பொதுமக்களைவிடப் பன்மடங்கு அதிகம்.

நோவு உடலில் மட்டும் பிறப்பதன்று என்பதை இரண்டாம் உலகப்போரில் பீச்சர் என்னும் அமெரிக்க மருத்துவர் கண்டார். இத்தாலியப் போர்முனையில் கடும் காயமுற்ற படையினரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் நோவகற்றும் மருந்து தேவையென்று கேட்கவில்லை. 1946இல் அவர் இதனை எழுதினார். 1965இல் மெல்சாக், வோல் ஆகிய இருவரும், முதுகுத்தண்டில் நோவை விடவும் தடுக்கவும் ஒரு கதவு இருக்கிறது என்றும் மூளை மேலிருந்து அக்கதவை அடைக்கமுடியும் என்றும் விளக்கினர். இதையெல்லாம் நாம் ஏட்டில் படித்தறிய வேண்டியவர்கள் அல்லர். 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில், நந்திக்கடலுக்கும் கடலுக்கும் நடுவே, செல் துண்டு தைத்ததை ஓடிமுடித்துத் தரையில் குந்திய பிறகே அறிந்ததாகச் சொல்பவர்கள் எம் ஊர்களில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அத்துண்டுகள் இன்னும் உடலில் இருக்கின்றன. அன்று நோகாதது இன்று மாரிக்குளிரில் நோகிறது என்று அவர்கள் சொல்வார்கள்.

வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்குத் தூக்குக்காவடி எடுப்பவர்களைப் பார்த்தவர்களுக்கும் இது புதிதன்று. முதுகில் செடில் ஏறும்போது முகம் சுளிப்பவர் சிலரே. பறை முழங்குகிறது, உறவினர் சூழ நிற்கின்றனர், நேர்த்தி நிறைவேறுகிறது. செடில் கழற்றித் திருநீறு பூசுகிறார்கள். காவடியையும் முழுக்கைச் சட்டைக்குள் மறையும் தழும்பையும் ஒன்றென்று யாம் கூறவரவில்லை. அவ்வாறு கூறுவது இரண்டையும் அவமதிப்பதாகும். காவடி எடுப்பவனின் புண்ணுக்கு ஊர் சாட்சி. அவனுக்கு ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு, பின்னர் பூசிவிட ஒரு கை உண்டு. மற்றப் புண் பூட்டிய அறையில் நிகழ்கிறது. அதற்கு மொழியில்லை என்பதே இரண்டுக்கும் உள்ள பெரும் வேறுபாடு. இலக்கியம் வந்து நிற்கவேண்டிய இடமும் அதுதான்.

அப்படி வந்து நின்றதா? 2009க்குப் பின்னர் ஈழத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் எழுதிக் குவிக்கப்பட்ட கவிதைகளில் ஒரு சொல் மற்றெல்லாச் சொற்களையும் தின்றுவிட்டது. அது 'வலி'. வலியின் மொழி, வலி சுமந்த மண், வலிகளின் தேசம் என்று தலைப்புகளிலேயே அது நிறைந்து கிடக்கிறது. பழந்தமிழில் வலி என்றால் வலிமை; வள்ளுவரின் வலியறிதல் அதிகாரம் படைபலத்தை எடைபோடுவது பற்றியது. நோவைக் குறிக்க நம் முன்னோருக்கு நோ, நோய், நோதல் என்பன இருந்தன. வன்னியில் இன்றும் குழந்தை விழுந்தால் 'நோகுதோ' என்றுதான் தாய் கேட்கிறாள். வைத்தியசாலையில் கிழவர் 'காலுக்கை நோ' என்றுதான் முறையிடுகிறார். எமது கவிஞர்களோ தம் தாய் சொல்லாத சொல்லைச் சென்னைச் சஞ்சிகைகளிலிருந்து எடுத்து வந்து அவள் துயரத்துக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். இதைச் சொல்வழக்குச் சண்டையாக மட்டும் கொள்ளவேண்டாம். 'நோகுது' என்பதற்கு ஓர் இடம் உண்டு. எங்கே என்று திருப்பிக் கேட்கலாம். 'வலிகளின் தேசம்' என்பவரிடம் எங்கே என்று கேட்க முடியாது. பதாகையாகத் தூக்கிய துயரத்துக்குள் தனித்தனி மனிதர் நுழைய இடமிருப்பதில்லை. ஆளில்லாத துயரத்தை எழுதுவது எளிது, மேடையும் கிடைக்கும். எல்லாரும் அப்படி எழுதினார்கள் என்று கூறமாட்டோம். தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்' போன்ற நூல்களில் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பசி இருக்கிறது, எரிச்சல் இருக்கிறது, பக்கத்துக் கூடாரத்தோடு சண்டையும் இருக்கிறது.

குற்றம் கவிஞர்களுடையது மட்டுமன்று. முற்போக்கு இலக்கியத்தைச் சார்ந்த எமக்கும் பங்குண்டு. கைலாசபதியும் சிவத்தம்பியும் இலக்கியத்தைச் சமுதாயத் தளத்தில் வைத்து நோக்கக் கற்பித்தது பெரும் பணி. அதன் பயனாகவே சாதியையும் வறுமையையும் எழுதுவதற்கு ஈழத்தில் ஒரு தலைமுறை துணிந்தது. ஆனால் வழிவந்தோர் பலர் அகத்தின் நோயை எழுதியவரைக் கண்டால் தனிமனிதப் புலம்பல் என்று முத்திரை குத்தி ஒதுக்கினர். மு. தளையசிங்கம் இந்தக் குறையை அக்காலத்திலேயே சுட்டினார். அவருடைய ஆன்மிக முடிவுகள் நமக்கு உடன்பாடல்ல என்பதற்காக அந்தக் கண்டனத்தையும் சேர்த்துத் தள்ளிவிட்டோம். புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'சாபவிமோசன'த்தை எத்தனை முறை பெண்ணுரிமைக் கதையாக மட்டும் விளக்கியிருக்கிறோம்! அக்கினிப் பிரவேசம் பற்றிக் கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகிறாள். கல்லாதல் என்பது எதிர்ப்பா? எதிர்ப்புத்தான். அதே வேளையில் அது உணர்வற்றுப்போதலும் ஆகும். இனி ஒன்றும் நோகக்கூடாது என்று உடல் தன்னைத் தானே மூடிக்கொள்ளுதல். உளமருத்துவர் இன்று விவரிக்கும் மரத்துப்போகும் நிலையைச் சோதனைச்சாலை இல்லாமலே அந்தக் கலைஞர் கண்டுவிட்டார். விமர்சகர்களாகிய நாம் கல்லுக்கு வெளியே நின்று கொள்கை பேசினோம்.

இவ்விடத்தில் சமுதாயப் பார்வையைக் கைவிட வேண்டியதில்லை, ஆழப்படுத்தவே வேண்டும். இக்கோளாறுக்குச் சிகிச்சை முறை ஒன்றை வகுத்து 1993இல் நூலாக வெளியிட்ட மார்ஷா லினஹன் என்னும் அமெரிக்கப் பேராசிரியை, தாமே இளமையில் தம்மைக் காயப்படுத்திக்கொண்டு மருத்துவமனையில் கிடந்தவர் என்பதை 2011இல் வெளிப்படையாகச் சொன்னார். எளிதில் புண்படும் இயல்போடு பிறந்த பிள்ளை, தன் உணர்ச்சியை இடைவிடாது மறுக்கும் சூழலில் வளரும்போது இந்நிலை உருவாகிறது என்பது அவர் கொள்கை. நோகிறது என்று பிள்ளை சொல்ல, உனக்கு நோகவில்லை, நடிக்காதே என்று சூழல் சொல்கிறது. வீட்டுக்குள் நிகழும் இம்மறுப்பு எமக்கு மிகவும் அறிமுகமானதாகத் தோன்றுகிறது. 2009இல் இந்த மணற்றிடலில் நடந்ததை மனிதாபிமான நடவடிக்கை என்றும் பொதுமக்கள் இழப்புப் பூச்சியம் என்றும் அரசு உரைத்தது. இறந்தோர் 40,000 வரை இருக்கக்கூடும் என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் கூறியது. உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களின் நிலையைக் கூட்டு மனவடு என்று விளக்கினார். ஒரு மக்கள் கூட்டத்துக்கே உனக்கு நோகவில்லை என்று சொல்லப்பட்ட இடத்தில் பிறந்து வளரும் பிள்ளை, தன் நோவைச் சொல்ல எந்தக் காதைத் தேடிப்போகும்? பெற்றோர் கூட, நாங்கள் பட்டதற்கு முன்னால் உன்னுடையது என்ன நோவு என்று கேட்டுவிடுகிறார்கள். அவர்களைக் குறைகூற எவருக்கும் வாய் வராது. ஆயினும் பிள்ளை காதில் விழுவது அதே மறுப்புத்தான். யுத்தமே இக்கோளாறை உண்டாக்கிற்று என்று நாம் முடிவுகட்டவில்லை. யுத்தம் காணாத நாடுகளிலும் அது உண்டு. கேட்பாரற்ற நிலை எங்கே பெருகுகிறது என்பதையே சொல்கிறோம்.

காயப்படுத்திக்கொள்வதை நிறுத்தியவர்களைச் சோதித்தபோது அவர்களின் நோவுணர்ச்சி மற்றையோரின் அளவை நெருங்கி வந்திருந்ததாக 2009இல் வெளியான ஜேர்மன் ஆய்வு ஒன்று காட்டிற்று. சிறிய ஆய்வுதான். நோவு திரும்பி வருவதைக் குணமாதலின் அடையாளமாகக் கொள்ளும் நோய் வேறு உண்டோ தெரியாது.

இனி வற்றாப்பளைக்கே வருவோம். மதுரையை எரித்த கண்ணகி ஈழத்துக்கு வந்து தங்கித் தங்கிச் சென்ற இடங்களுள் பத்தாவது இது என்றும், பத்தாம்பளையே வற்றாப்பளை ஆயிற்று என்றும் எம் மக்கள் சொல்வர். கிழவி வடிவில் வந்தவளின் தலையை இடைச்சிறுவர் பேன் பார்த்தபோது தலை முழுவதும் கண்களாக இருக்கக் கண்டனர் என்பது ஐதீகம். வரலாறு என்று இதை ஒருவரும் கொள்ள வேண்டாம். மக்கள் கற்பனையின் போக்கைப் பாருங்கள். இளங்கோவடிகள் ஒருமுலை இழந்தவளை வேங்கை மரத்தடியில் நிறுத்தி விண்ணுக்கு அனுப்பிவிட்டார். செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொண்டுவந்து சிலை எடுத்தான். எம் நாட்டார் மரபுக்கு அது போதவில்லை. புண்பட்டு வந்தவளுக்கு யாராவது தலை பார்த்துவிட வேண்டும் என்று அதற்குத் தோன்றியிருக்கிறது. மட்டக்களப்புப் பகுதிக் கோயில்களில் பாடப்படும் 'கண்ணகி வழக்குரை' என்னும் காவியம் வழக்குரைத்தலோடு முடிவதில்லை. அதன் இறுதிப் பகுதி குளிர்ச்சிக் காதை. எரித்தவளின் வெம்மையைத் தணிக்கப் பாடுவது. வைகாசிச் சடங்கின் நிறைவில் குளிர்த்தி ஆடுவது அதையொட்டியே. பண்டிதர்கள் அந்நூலின் யாப்பைப் பற்றியும் காலத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். சிலப்பதிகாரத்தோடு ஒப்பிட்டுத் தரம் குறைந்தது என்றும் சிலர் எழுதினர். நூற்றாண்டுக் கணக்கில் படிப்பறிவற்றவர் என்று தள்ளப்பட்ட மக்கள், தன்னைத் தானே புண்படுத்திக்கொண்ட ஒரு பெண்ணின் கதையைக் கேட்டு, அவளுக்கு நோகவில்லை என்று நம்ப மறுத்தார்கள் என்பதை எவரும் எழுதவில்லை.

இவ்வாண்டு அதே கட்டத்தை நடத்தும்போது 'அலமந்து' என்னும் சொல்லில் நின்றோம். அதன் பொருளைச் சொல்லி, அவளுக்கு அப்போது நொந்திருக்குமா என்று நாமே கேட்டோம். ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் விடை சொல்லவுமில்லை. மறுநாள் குளிர்ச்சிக் காதையிலிருந்து சில பகுதிகளைப் படியெடுத்துக்கொண்டு போனோம். அது பாடத்திட்டத்தில் இல்லை. மணி அடித்த பிறகும் மூன்று பேர் தாள்களைத் திருப்பித் தராமல் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு போனார்கள்.